காட்டுக் குரங்கும் குடற்புழுவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெப்பமண்டலக் காடுகளில் வாழும் குரங்குகளின் உடலில் காணப்படும் ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். ஒரே செய்தியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சிம்பன்சி, கொரில்லா போன்ற மனிதக் குரங்குகள் உயிரியல் வகைப்பாட்டில் ஏனைய குரங்குகளிலிருந்து வேறுபட்டவை. எனினும் இரு தரப்புக்கும் பொதுவான புழுக்கள் பல இருப்பதால், தேவையான இடங்களில் அவற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: தரையில் கால் வைக்காமல் மர உச்சியிலேயே வாழ்கின்ற குரங்குகளுக்குக் குடற்புழு எந்த வழியாக வந்து சேர்கிறது?

பதில்: புழுவுக்குப் புழு வழி வேறுபடும். கீரிப்பூச்சியின் பெண்புழு ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடுகின்றன. ஒன்றின் உரோமத்தை மற்றொன்று விரலால் துழாவிச் சுத்தம் செய்வதும், அதே விரலை வாயில் வைப்பதும் குரங்குகளின் அன்றாட வழக்கம் என்பதால், இந்தப் புழு பரவுவதற்குத் தரையே தேவைப்படுவதில்லை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் பெரும்பாலும் மரத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் ஊளைக் குரங்குகளிடம் டிரிபனாக்சியூரிஸ் என்னும் கீரிப்பூச்சி வகை பரவலாகக் காணப்படுவது இவ்வாறுதான்.

சாட்டைப்புழு, முடிச்சுப்புழு, கொக்கிப்புழு ஆகியவை உடலுக்கு வெளியே சில காலம் கழித்தாக வேண்டும். சாட்டைப்புழுவின் முட்டை ஈரமான, நிழலான இடத்தில் சில வாரங்கள் கிடந்த பிறகே அதனுள் தொற்றக்கூடிய இளம்புழு உருவாகிறது. முடிச்சுப்புழுவின் முட்டையோ வெளியில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்தை அடைகிறது. இலைகளின் மீது படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்து மேலேறவும் அந்த இளம்புழுவால் முடியும். மர உச்சியிலிருந்து விழும் எச்சம் முழுவதும் தரையைச் சேர்ந்துவிடுவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கீழ்க்கிளைகளின் இலைகளிலும், கிளைக் கவட்டைகளிலும், மரப்பொந்துகளில் தேங்கிய நீரிலும் அதன் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. அதே மரத்தில் மறுநாள் இலை பறித்துத் தின்னும் குரங்கு புழுவையும் சேர்த்தே விழுங்குகிறது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் குறையாத காட்டில் இந்தச் சுழற்சி நிற்பதே இல்லை.

பூச்சி வழியாக வரும் புழுக்களும் உண்டு. அமெரிக்கக் குரங்குகளின் குடலில் வாழும் பிராஸ்தெனார்க்கிஸ் என்னும் முள்தலைப் புழு, கரப்பான்களுக்குள்ளும் வண்டுகளுக்குள்ளும் தன் இளம்பருவத்தைக் கழிக்கிறது. பெர்ட்டியெல்லா என்னும் நாடாப்புழுவுக்கு மண்ணிலும் பாசியிலும் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகள் இடைநிலை ஓம்புயிரிகள், அதாவது அது தன் இளம்பருவத்தைக் கழிக்கும் உயிர்கள். பழத்தோடும் இலையோடும் இவற்றை விழுங்கும் குரங்கு தொற்றைப் பெறுகிறது. யானைக்கால் நோய்ப் புழுவின் உறவினங்கள் போன்றவை கொசுக்கடி வழியாக உடலுக்குள் வருகின்றன.

கேள்வி: வயிற்றில் புழு இருக்கிறது என்றாலே அந்தக் குரங்கு நோயுற்றது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. ஏதேனும் ஒரு காட்டில் ஒரு குரங்குக் கூட்டத்தின் எச்சத்தை ஓராண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்தால், ஒரு புழுவும் இல்லாத குரங்கைக் காண்பதுதான் அரிது. புழு இருப்பது இயல்பான நிலை. எத்தனை புழுக்கள், எந்த இனப் புழுக்கள், அவற்றைச் சுமக்கும் விலங்கின் ஊட்டமும் வயதும் எப்படி என்பவையே நோயைத் தீர்மானிக்கின்றன.

புழுக்கள் எல்லாக் குரங்குகளிடமும் சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. ஒட்டுண்ணி ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு செய்தி, கூட்டத்தில் பெரும்பாலானவற்றிடம் சில புழுக்களே இருக்க, மிகச் சில விலங்குகள் மட்டும் பெரும் பாரத்தைச் சுமக்கின்றன என்பதாகும். ஆகவே சராசரி எண்ணிக்கையை மட்டும் கூறும் எந்த அறிக்கையும் உண்மையின் பாதியை மறைத்துவிடுகிறது.

புழு கொல்லாமலேயே விலங்கின் வாழ்வை மாற்றிவிடக்கூடும். உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் சிவப்பு கொலோபஸ் குரங்குகளை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, இதைத் தெளிவாகக் காட்டியது. சாட்டைப்புழுத் தொற்றுள்ள குரங்குகள் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்தன. வயிற்றுப்போக்கோ மெலிவோ கண்ணில் படவில்லை. ஆயினும் அவை ஓய்வெடுக்கும் நேரம் கூடியிருந்தது. பிற குரங்குகளுக்கு உரோமம் நீவிவிடுவதும் இனச்சேர்க்கையும் குறைந்திருந்தன. மரப்பட்டையை அவை வழக்கத்தை விட அதிகமாகத் தின்றன. காய்ச்சல் கண்ட மனிதர் படுத்துக்கொள்வதைப் போல, அந்த விலங்கும் தன் ஆற்றலைச் சேமிக்கிறது என்று பொருள் கொள்வதற்கு இடமுண்டு. ஒரு நாளில் சில நிமிடங்களாக மட்டுமே தென்படும் இந்த மாற்றம், ஆண்டுக்கணக்கில் தொடரும்போது எத்தனை குட்டிகள் பிறக்கின்றன என்பதையே பாதிக்கக்கூடும். இறந்த விலங்குகளை எண்ணி மட்டும் புழுவின் விளைவை அளக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

நேரடியாகக் கொல்லும் புழுக்களும் இல்லாமல் இல்லை. மேலே கூறிய முள்தலைப் புழுவின் முன்முனை முழுவதும் வளைந்த கொக்கிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. அதனைக் குடற்சுவருக்குள் ஆழப் புதைத்துக்கொள்ளும் புழு, சில வேளைகளில் சுவரையே துளைத்துவிடுகிறது. குடலில் உள்ளவை வயிற்றறைக்குள் கசிந்து அழற்சி ஏற்பட்டு விலங்கு இறக்கிறது. அணில் குரங்குகளிலும் டாமரின் குரங்குகளிலும் இவ்வகை இறப்புகள் பதிவாகியுள்ளன. கரப்பான் மலிந்த கூண்டுகளில் வளர்க்கப்படும் விலங்குகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். முடிச்சுப்புழுவின் இளம்புழு பெருங்குடலின் சுவருக்குள் புகுந்து தங்குமிடத்தில் கட்டி போன்ற முடிச்சு எழுகிறது. சில முடிச்சுகளை உடல் தாங்கிக்கொள்கிறது. எண்ணிக்கை மிகும்போது இரத்தப்போக்கும் கழிச்சலும் வருகின்றன.

கேள்வி: ஊளைக் குரங்கின் தொண்டையில் துளையுடன் கூடிய பெரிய வீக்கத்தை ஒரு படத்தில் கண்டேன். அதனுள் இருப்பதும் புழுதானா?

பதில்: அது ஓர் ஈயின் குடம்பி, குடற்புழுக்களோடு அதற்கு உறவில்லை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் வாழும் ஊளைக் குரங்குகளில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. தோலின் அடியில் வளரும் குடம்பி, மூச்சுவிடுவதற்காக ஒரு துளையைத் திறந்து வைத்திருக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் அத்துளை வழியே வெளியேறித் தரையில் விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. உணவு குறைந்த பருவத்தில் பல குடம்பிகளைச் சுமக்கும் குரங்கு தளர்ந்துபோகிறது. வெளியேறிய துளைப் புண்ணில் சதையைத் தின்னும் வேறோர் ஈயின் குடம்பிகள் குடியேறினால், அது பிழைப்பது அரிது.

கேள்வி: காட்டு விலங்கைப் பிடிக்காமல், மயக்க மருந்து கொடுக்காமல், அதன் வயிற்றில் உள்ள புழுவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்த முடிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: எச்சமே சான்று. விடியற்காலையில் குரங்குகள் உறங்கும் மரத்தடியில் ஆய்வாளர் காத்திருக்கிறார். விழித்தெழுந்த சிறிது நேரத்தில் அவை எச்சமிடுவதால், எது எந்த விலங்குடையது என்பதைக் கண்ணால் கண்டு குறித்துக்கொள்ள முடிகிறது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெளிப்பகுதியை விலக்கி, உட்பகுதியிலிருந்து மட்டும் ஒரு சிறு அளவை எடுக்க வேண்டும். மண்ணில் தனித்து வாழும் உருளைப்புழுக்கள் ஏராளம். அவை மாதிரியில் கலந்துவிட்டால் குரங்கின் புழு என்று தவறாக எண்ணப்பட்டுவிடும். எடுத்த மாதிரியில் ஒரு பகுதியை ஃபார்மலின் கரைசலிலும், மரபணு ஆய்வுக்கான பகுதியை ஆல்கஹாலிலும் இடுகிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் மாதிரியை அடர்த்தியான உப்புக் கரைசலோடு கலந்து வடிகட்டினால், கரைசலை விட எடை குறைந்த புழு முட்டைகள் மேலே மிதந்து வருகின்றன. தட்டைப்புழுக்களின் கனமான முட்டைகள் மிதப்பதில்லை என்பதால் அவற்றுக்குப் படியவைக்கும் முறை தனியே தேவைப்படுகிறது. பிறகு கட்டமிட்ட கண்ணாடித் தட்டில் வைத்து நுண்ணோக்கி வழியாக எண்ணுகிறார்கள். சாட்டைப்புழுவின் முட்டையை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே நீளமுள்ள அது, தடித்த பழுப்பு நிற ஓட்டுடன் நடுவில் பருத்து இருபுறமும் குறுகியிருக்கும். ஒவ்வொரு முனையிலும் கண்ணாடி போல் தெளிந்த ஒரு சிறு அடைப்பு துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் ஃபுல்லபோர்னி என்னும் நூற்புழுவின் முட்டையோ ஓடு மிக மெல்லியது. புதிய எச்சத்திலேயே அதனுள் சுருண்டு கிடக்கும் இளம்புழுவைக் காண முடியும்.

நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை, இம்முறைக்கு மூன்று குறைகள் உண்டு. முதலாவது, முடிச்சுப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகளை வெறும் தோற்றத்தால் பிரித்தறிய முடியாது. எச்சத்தை ஈரப்பதத்தில் வைத்து இளம்புழுக்களை வளர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது மரபணுவைப் படிக்க வேண்டும். பழைய கட்டுரைகளில் காணப்படும் பல இனப்பெயர்களை ஐயத்தோடு நோக்க வேண்டியிருப்பது இதனால்தான். இரண்டாவது, ஆண்புழுவும் வளராத புழுவும் முட்டையிடுவதில்லை. முட்டையிடும் பெண்புழுவும் நாள்தோறும் ஒரே அளவில் இடுவதில்லை. நெரிசல் கூடும்போது ஒவ்வொரு பெண்புழுவும் இடும் முட்டைகள் குறைந்துவிடுவதும் உண்டு. எனவே ஒரு கிராமில் இத்தனை முட்டைகள் என்ற கணக்கைப் புழுக்களின் எண்ணிக்கையாக மாற்றிச் சொல்வது பிழையான முடிவுகளுக்கே கொண்டுசெல்லும். மூன்றாவது, ஒரே ஒரு மாதிரியில் முட்டை காணப்படவில்லை என்பதால் அவ்விலங்கிடம் புழு இல்லை என்று ஆகிவிடாது. ஒரே விலங்கிடமிருந்து வெவ்வேறு நாட்களில், மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் பல மாதிரிகளைத் திரட்டிய ஆய்வுகளையே நான் மதித்துப் படிக்கிறேன். ஓரிரு நாட்களில் திரட்டிய எச்சங்களைக் கொண்டு ஒரு காட்டின் நிலையையே அறிவித்துவிடும் கட்டுரைகள் எனக்கு உவப்பானவை அல்ல.

கேள்வி: குரங்குகள் தமக்குத் தாமே மருந்து தேடிக்கொள்கின்றன என்பது உண்மையா?

பதில்: உறுதியான சான்றுகள் மனிதக் குரங்குகளிடமிருந்தே கிடைத்துள்ளன. 1987 நவம்பரில் டான்சானியாவின் மஹாலே மலைப்பகுதியில், ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மனும் அவருடன் பணியாற்றிய முகமதி செய்ஃபு கலுண்டேயும் நோயுற்ற ஒரு பெண் சிம்பன்சியைப் பின்தொடர்ந்தனர். அது வெர்னோனியா அமிக்டலினா என்னும் செடியின் தண்டை ஒடித்து, பட்டையையும் இலையையும் நீக்கி, தண்டின் உள்ளிருக்கும் மிகக் கசப்பான உட்சதையை மட்டும் மென்று சாற்றை விழுங்கியது. அந்தச் செடியை வயிற்று நோய்களுக்கு மருந்தாக அப்பகுதி மக்களும் பயன்படுத்தி வந்தனர் என்பதைக் கலுண்டே உடனே அடையாளம் கண்டார். ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அந்தச் சிம்பன்சி தேறி இயல்பு நிலைக்குத் திரும்பியது. பின்னர் இதே செடியை மென்ற மற்றொரு சிம்பன்சியின் எச்சத்தில், ஒரு கிராமுக்கு 130 ஆக இருந்த முடிச்சுப்புழு முட்டைகள் 20 மணி நேரத்தில் 15 ஆகக் குறைந்திருந்தன. இரண்டு விலங்குகளைக் கொண்டு பொது விதி எழுத முடியாதுதான்; ஆனால் ஒதுக்கிவிடக்கூடிய செய்தியும் அல்ல.

இன்னும் வியப்பளிப்பது இலை விழுங்கும் வழக்கம். அதிகாலையில், வேறு எதையும் உண்ணும் முன்பாக, சிம்பன்சி ஒரு சொரசொரப்பான இலையைப் பறித்து, நாக்கினாலும் மேலண்ணத்தாலும் மடித்து, மெல்லாமல் அப்படியே விழுங்குகிறது. பிறகு மற்றொன்று. சில மணி நேரம் கழித்து அந்த இலைகள் செரிக்காமல், மடிப்புக் கலையாமல் எச்சத்தோடு வெளிவருகின்றன. மடிப்பைப் பிரித்துப் பார்த்தபோது, சில இலைகளில் உயிருள்ள முடிச்சுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொடக்கத்தில், இவ்வாறு விழுங்கப்படும் ஆஸ்பிலியா என்னும் செடியின் இலைகளில் புழுக்கொல்லி வேதிப்பொருள் இருப்பதாகவே கருதப்பட்டது. ஆனால் வெவ்வேறு இடங்களில் விழுங்கப்படும் இலைகள் பல செடியினங்களைச் சேர்ந்தவை. அனைத்துக்கும் பொதுவாக இருப்பது மேற்பரப்பின் கடினமான நுண்முடிகள் மட்டுமே. ஆகவே வேதியியலை விட இயற்பியல் விளக்கமே இன்று வலுவாக நிற்கிறது. வெறும் வயிற்றில் புகுந்த, செரிக்க முடியாத இந்தப் பொருள் குடலின் ஓட்டத்தை விரைவுபடுத்த, குடற்சுவரில் இறுகப் பற்றாமல் திரியும் வளர்ந்த புழுக்கள் அதோடு அடித்துச் செல்லப்படுகின்றன. சுவருக்குள் புதைந்திருக்கும் இளம்புழுக்களை இது தொடுவதில்லை. முற்றிலும் குணமாக்கும் மருந்து என்று இதனைக் கொள்ள முடியாது.

குரங்குகளிடம் மருந்தைக் காட்டிலும் தவிர்ப்பு நடத்தைகளே அதிகமாகப் பதிவாகியுள்ளன. சிவப்பு ஊளைக் குரங்குகள் தமக்குக் கீழே கிளைகளும் இலைகளும் குறைவாக உள்ள இடங்களைத் தேர்ந்து அங்கிருந்து எச்சமிடுகின்றன என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உண்ணும் இலைகள் அசுத்தமாகாமல் இருப்பதே அதன் பயன். காபோன் நாட்டின் மாண்ட்ரில்கள் குடல் ஒட்டுண்ணி மிகுந்த தோழர்களுக்கு உரோமம் நீவிவிடுவதைக் குறைத்துக்கொள்கின்றன என்றும், எச்சத்தின் வாசனையே அவற்றுக்கு அடையாளமாகிறது என்றும் 2017-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே ஆராயப்பட்டவை பெரும்பாலும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் என்பதால், புழுக்களுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் துணிந்து கூறமாட்டேன்.

கேள்வி: குரங்குகள் மண் தின்பது புழுவை வெளியேற்றுவதற்காகவா?

பதில்: புழுவை அது வெளியேற்றுவதாகத் தெரியவில்லை. புவர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சந்தியாகோ தீவில் ரீசஸ் குரங்குகள் களிமண்ணைத் தின்கின்றன. அவற்றிடம் ஒட்டுண்ணிகள் மிகுதியாக இருந்தும் வயிற்றுப்போக்கு அரிதாகவே காணப்பட்டது. களிமண் குடலில் நச்சுப்பொருள்களை உறிஞ்சி, அழற்சியைத் தணிக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

கேள்வி: காடுகள் துண்டுதுண்டாவதற்கும் குரங்குகளின் புழுக்களுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். கிபாலே காட்டில் 1960களின் இறுதியில் மரம் வெட்டப்பட்ட பகுதிகளையும் வெட்டப்படாத பகுதிகளையும் தாமஸ் கில்லெஸ்பி, காலின் சாப்மன் ஆகியோர் ஒப்பிட்டனர். 2005-இல் வெளியான அந்த ஆய்வின்படி, வெட்டப்பட்ட பகுதியில் வாழ்ந்த செவ்வால் குரங்குகளிடம் புழுத்தொற்றும் புழுவினங்களின் எண்ணிக்கையும் கூடுதலாக இருந்தன. தொற்றும் நிலையிலுள்ள முட்டைகளும் இளம்புழுக்களும் அங்கே சுற்றுப்புறத்திலும் அதிகமாகக் கிடைத்தன. கொலோபஸ் குரங்குகளிடமோ அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. ஒரே காட்டில், ஒரே அழிவுக்கு, இரண்டு இனங்கள் வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டின.

அதே ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட மற்றொரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. விளைநிலங்களுக்கு நடுவே தனித்து எஞ்சிய காட்டுத் துண்டுகளில் வாழும் சிவப்பு கொலோபஸ் குரங்குகளை ஆராய்ந்தபோது, துண்டின் பரப்பளவைக் காட்டிலும், அங்கே எத்தனை மரங்கள் வெட்டப்பட்டுக் குற்றிகளாக நிற்கின்றன என்பதே புழுத்தொற்றின் அளவை நன்றாக முன்னறிவித்தது. குற்றிகளின் எண்ணிக்கை அக்காட்டுக்குள் மனிதர் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதன் அளவுகோல். விறகுக்காகவும் மரத்துக்காகவும் அன்றாடம் உள்ளே வருபவர்களோடு அவர்களுடைய புழுக்களும் வருகின்றன. குரங்குகளும் தொடர்ச்சியான மர உச்சிகள் இல்லாமையால் தரையில் இறங்கி நடக்க நேர்கிறது.

ஆனைமலையில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில் வாழும் சிங்கவால் குரங்குகளைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வும் இதே திசையையே காட்டுகிறது: மனிதக் குடியிருப்புகளுக்கு அருகில் வாழ்ந்த கூட்டங்களிடம் ஒட்டுண்ணிச் சுமை கூடுதலாக இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, எண்ணிக்கையில் அருகிவிட்ட ஓர் இனத்துக்கு இது கூடுதல் பாரம்.

இதன் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. சிறிய இடத்தில் அதிகக் குரங்குகள் நெருங்கி வாழும்போது உறங்கும் மரங்களை மாற்றிக்கொள்ள முடிவதில்லை. அதே கிளைகளுக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கிறது. உணவு குறைவதால் உடலின் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. எதிர்ப்பாற்றல் தளர்ந்த உடலில் புழுக்கள் பெருகுகின்றன. புழுக்கள் பெருகியதால் உண்ட உணவின் பயனும் குறைகிறது. பசி, மன அழுத்தம், புழு ஆகிய மூன்றும் கூடும்போது அவற்றின் கூட்டு விளைவு தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையை விடப் பெரிதாக இருக்கக்கூடும்.

கேள்வி: காட்டுக் குரங்கின் புழு மனிதருக்கும் தொற்றுமா?

பதில்: சில தொற்றும்; சில தொற்றுவது போல் தோன்றி ஏமாற்றும். வடக்கு டோகோவிலும் வடக்கு கானாவிலும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரிடம் முடிச்சுப்புழு இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அதே பகுதியின் குரங்குகளிடமும் அதே பெயருடைய புழு காணப்பட்டதால், நோயின் ஊற்று குரங்குகளே என்று எண்ணுவது எளிதாக இருந்தது. மரபணுவைப் படித்தபோது, மனிதரிடம் உள்ள புழுக்களும் குரங்குகளிடம் உள்ளவையும் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்திருப்பது தெரியவந்தது. மக்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை பரவலாக அளிக்கப்பட்ட பிறகு மனிதத் தொற்று வெகுவாகச் சரிந்தது. குரங்குகளைப் பழித்திருந்தால் அவை வீணாக உயிரிழந்திருக்கும்.

சாட்டைப்புழுவின் கதை வேறு. உகாண்டாவில் நடந்து 2014-இல் வெளியான மரபணு ஆய்வு, மனிதர் உட்படப் பல இனங்களுக்குப் பொதுவாகத் தொற்றும் ஒரு கிளை இருப்பதையும், குறிப்பிட்ட சில இனங்களோடு நின்றுவிடும் வேறு கிளைகள் இருப்பதையும் காட்டியது. நூற்புழுவான ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் ஃபுல்லபோர்னி ஆப்பிரிக்கக் காட்டோர மக்களிடம் காணப்படுகிறது. தோலைத் துளைத்து நுழையக்கூடியது என்பதால் வெறுங்காலில் நடப்பவருக்கு ஆபத்து. மலேசியாவின் சதுப்புக் காடுகளில், யானைக்கால் நோயை உண்டாக்கும் புரூகியா மலாயி புழு, இலை தின்னும் குரங்குகளிடமும் வாழ்கிறது. மான்சோனியா கொசு இருவரையும் கடிப்பதால், மனிதருக்கு மட்டும் மருந்தளித்து அங்கே நோயை ஒழிப்பது கடினமாகிறது.

நரம்புச் சிலந்தி எனப்படும் கினிப் புழுவின் ஒழிப்பும் இதே சிக்கலை எதிர்கொள்கிறது. 1986-இல் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வாட்டிய இந்தப் புழு, 2022-இல் 13 மனிதர்களிடம் மட்டுமே பதிவானது. ஆயினும் எத்தியோப்பியாவின் கம்பெல்லா பகுதியில் ஆற்றோரக் காடுகளின் பபூன் குரங்குகளிடமும், சாட் நாட்டில் நாய்களிடமும் அது காணப்படுவதால் ஒழிப்புப் பணி இன்னும் முடியவில்லை.

மறுதிசையிலும் தொற்று நடைபெறுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் காட்டுக்குள் விழுமானால், அங்குள்ள விலங்குக்கு அது புதிய நோயாகிறது.

கேள்வி: பழத்தில் மாத்திரையை வைத்துக் கொடுத்தால் காட்டுக் குரங்குகளின் புழுக்களை நீக்கிவிடலாமே? ஏன் செய்வதில்லை?

பதில்: நல்ல எண்ணத்தில் எழும் கேள்வி இது. மருந்து வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. நைஜீரியாவில் பாதி சுதந்திரமாக வாழும் செந்தொப்பி மாங்கபே குரங்குகளுக்கு ஒட்டுண்ணி நீக்க மருந்தளித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்து பெற்ற விலங்குகளின் உரோமத்தில் நெடுங்கால மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் குறைந்தது. மருந்து பெறாதவற்றின் உரோமத்தில் குறையவில்லை. புழு நீங்கியது உடலுக்கு ஆறுதல் தந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இருந்தும் காட்டில் இதைச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். பழத்தை வைத்தால் யார் எவ்வளவு உண்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை: வலிய ஆண் குரங்கு மூன்று பங்கை விழுங்க, புழு மிகுந்த மெலிந்த குரங்கு ஒன்றும் பெறாமல் போகும். குறைந்த அளவு மருந்தைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் புழுக்களிடையே மருந்துக்கு அடங்காதவை பிழைத்துப் பெருகும். கால்நடைகளில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. மருந்து எச்சத்தோடு வெளியேறும். ஐவர்மெக்டின் போன்ற புழுநீக்க மருந்துகள் எச்சத்தை நம்பி வாழும் வண்டுகளுக்கு நஞ்சு. அவ்வண்டுகள்தாம் எச்சத்தை மண்ணுக்குள் இழுத்துப் புதைத்துக் காட்டின் விதைகளைப் பரப்புகின்றன. இவை அனைத்தும் நேர்ந்த பிறகும், சுற்றுப்புறத்தில் கிடக்கும் முட்டைகளால் சில வாரங்களில் மீண்டும் தொற்று வந்துவிடும். உணவு வைப்பதே ஒரு தீங்கு என்பதும் உண்டு: பல குரங்குகளை ஒரே இடத்தில் தரையில் கூட்டுகிறோம், அவ்விடத்திலேயே அவை எச்சமிடுகின்றன.

புழுக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையும் சேர்த்துக் கூற விரும்புகிறேன். கீரிப்பூச்சிகளின் உறவுமுறையை வரைந்தால், அது பெருமளவுக்கு அவற்றைச் சுமக்கும் குரங்கினங்களின் உறவுமுறையோடு ஒத்துப்போகிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக இரண்டும் சேர்ந்தே பிரிந்து வளர்ந்திருக்கின்றன. ஒரு குரங்கினம் அழியும்போது அதற்கே உரிய கீரிப்பூச்சியும், பெயரிடப்படாமலே, உடன் அழிகிறது.

சிகிச்சை தேவைப்படும் இடங்கள் உண்டு. மீட்பு இல்லத்திலிருந்து காட்டில் விடப்படும் விலங்கை முன்கூட்டியே பரிசோதித்து, கூண்டில் பெற்ற புழுக்களை நீக்கியே அனுப்ப வேண்டும். காட்டில் வாழும் கூட்டங்களுக்கோ, துண்டுபட்ட மர உச்சிகளை மீண்டும் இணைப்பதும், காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் வேலை செய்யும் மக்களுக்குக் கழிப்பறையும் குடற்புழு மாத்திரையும் தவறாமல் கிடைக்கச் செய்வதும், குரங்குகளுக்கு உணவிடுவதை நிறுத்துவதுமே பயன் தரும் வேலைகள். ஆய்வாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் இது பொருந்தும்: காட்டுக்குள் மலம் கழிக்க நேர்ந்தால், ஓடைகளையும் குரங்குகள் நடமாடும் பகுதியையும் விட்டு விலகி, ஆழக் குழி தோண்டி மூட வேண்டும்.